அனுபவஸ்தர்

செல்போனுக்கு உயிர் கொடுக்கப் போய், மனைவியைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார் மாஸ்டர்.

காலையிலிருந்து கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையில் சார்ஜர், மறுகையில் பிளக். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, சொந்த வீட்டில் எது எந்த ஒயர் என்று தெரியவில்லை.

"கடைசி நாள்லயும் அவளை நிம்மதியா விட மாட்டேங்கறேன் பாருங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பேச்சுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

மாஸ்டரின் அண்ணன் வந்து பிளக்கை வாங்கிச் செருகினார். "நீ போய் ஃபேனுக்குக் கீழ உட்காருடா. உன் உடம்பு இருக்கிற இருப்புக்கு இதெல்லாம் தேவையா?"

உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்ததிலிருந்தே வீட்டில் அவர் கண்ணாடிச் சாமான். அன்று பயிற்சிக் காரில், சிக்னலில், சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதுவரை வண்டியை ஒழுங்காக நிறுத்தக்கூடத் தெரியாத மாணவன், ரெண்டாவது கியரிலேயே ஆஸ்பத்திரி கொண்டுபோய்ச் சேர்த்தான். ஜவுளிக்கடையில் வேலையாக இருந்த மனைவி வெறுங்காலோடு ஓடி வந்தாள். பிழைத்து வந்த மாஸ்டர், போகிற கல்யாணத்திலெல்லாம் அதைச் சொன்னார். யானை ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், இடது கை இழுக்கும், வேர்த்துக் கொட்டும். அந்த விஷயத்தில் அவர் அனுபவஸ்தர்.

முந்தாநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள், "தாடை கடுக்குதுங்க. முதுகுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு. வாந்தி வேற வர்றாப்ல இருக்கு" என்றாள்.

அனுபவஸ்தர் விசாரணை நடத்தினார். "நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"கை இழுக்குதா?"

"இல்லைங்க. அசதிதான். படியேறினா மூச்சு வாங்குது."

"அப்ப இது வெறும் கேஸ் டிரபிள். நாள் பூரா நின்னுக்கிட்டே புடவையை விரிச்சுக் காட்டினா வராம என்ன பண்ணும்? ஹார்ட்டெல்லாம் என் டிபார்ட்மென்ட். அதுல நீ பங்குக்கு வராதே."

அவள் சிரித்தாள். சோடா குடித்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் வேலைக்கும் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து மாஸ்டரைப் பார்த்தார். பழைய நோயாளி என்று அடையாளம் தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டு, மகளை மட்டும் ஓரமாகக் கூட்டிப் போனார். நடைவழியின் கோடியில் இருவரும் பேசிய பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. அது என்ன என்றுதான் அவர் நேற்றிலிருந்து எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நேரம் வந்துச்சு, போயிட்டா" என்றார் அண்ணன்.

"கஷ்டப்படாம போனாங்க, புண்ணியவதி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மாமா, முதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க" என்றார் மாப்பிள்ளை.

மகளோ, "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள். ஒவ்வொரு தடவையும் அதையேதான்.

தூக்கும்போது தோள் கொடுக்கவும் விடவில்லை. பின்னால் வந்த காரில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பயிற்சிக் காரில் அந்த இருக்கைக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இதில் இல்லை. முன்னால் போன வண்டி மயானத்துக்குத் திரும்பியபோது, அவருடைய கால் வெறும் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்தது.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் பந்தல்காரனின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் யார் கண்ணிலும் படாமல் பின்கட்டுப் படிக்கு நழுவி உட்கார்ந்தார். கொடியில் அவளுடைய ஜவுளிக்கடைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள் துவைத்துப் போட்டது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மகள் தேடிக்கொண்டு வந்தாள்.

"போட்டுட்டேன்" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. "ரெண்டு மாத்திரையும். இப்ப செத்தாலும் சட்டப்படிதான் சாவேன். சொல்லும்மா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனேப்பா."

"நீ எங்க சொன்னே? நான் கேட்கறேன், நீங்க எல்லாரும் எனக்குத் தண்ணி கொடுக்கறீங்க."

அவள் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"ஹார்ட் அட்டாக்தான்பா. பொம்பளைங்களுக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும்னு இல்லையாம். தாடை வலி, முதுகு வலி, வாந்தி, அசதின்னும் வருமாம்."

"முந்தாநாள் சாயங்காலமே கூட்டிட்டுப் போயிருந்தா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அனேகமாப் பொழைச்சிருப்பாங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"அம்மா எனக்கும் போன் பண்ணாங்க" என்றாள் மகள், மெதுவாக. "ஒரு வாரமா மூச்சு வாங்குதுன்னாங்க. லீவு போட்டுத் தூங்கும்மான்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்பாகிட்ட சொல்லாதே, அவருக்கு ஹார்ட் வீக்குன்னாங்க."

மாஸ்டர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். கொடிக்குப் போய் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மகள் கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள்.