அங்கியின் நுனி

வக்கீல் வாயைத் திறந்தால் மூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவருடைய குமாஸ்தா. இருபத்தாறு வருடமாக அவருக்குப் பின்னால் நின்று, நீதிபதி தங்கள் பக்கம் சாய்ந்த நொடியில் கறுப்பு அங்கியின் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுப்பார். வக்கீல் சட்டென்று உட்கார்ந்துவிடுவார். ஜெயித்த வழக்குகளில் பாதி அந்த இழுப்பில் ஜெயித்தவை. பேர் மட்டும் வக்கீலுக்கு. அந்தப் பேர்தான் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பியது.

இன்று குமாஸ்தா மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்தார். அவர் ஊரில் ரயில் பாதைக்காக இருநூறு வீடுகளை இடிக்கிறார்கள்; நாற்பது போய்விட்டன. மீதியில் ஒன்று அவருடையது. ஊரே சாமான் கட்டியபோதும் அவர் மனைவி ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்து வைக்கவில்லை. "நம்ம சார் பாத்துப்பாரு" என்றுவிட்டாள்.

கீழே வக்கீல் கேள்விமேல் கேள்வி கேட்டு மடக்கினார். அமைச்சர் வியர்த்து வழிந்தார். கடைசியில் ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

"மீதி வீடுகளைப் பற்றி அரசின் உறுதிமொழியை இப்போதே வாசிக்கிறேன்."

உட்கார வேண்டிய நொடி. வக்கீல் உட்காரவில்லை. குமாஸ்தாவின் கை தானாக நீண்டு மாடத்துக் கம்பியைப் பிடித்தது.

"உட்காருங்க சார்..."

காவலர் உதட்டில் விரல் வைத்து முறைத்தார்.

"அப்படியானால், இடித்த நாற்பதும் தவறு என்று அமைச்சர் ஒப்புக்கொள்கிறாரா?"

பாவி மனுஷன்! நாற்பதுக்கும் பதில் சொல்ல எந்த அமைச்சர் துணிவார்? தாள் நான்காக மடிந்து பைக்குள் போனது.

"சட்ட ஆலோசனை பெற்றபின்தான் எதையும் சொல்ல முடியும்."

வெளியே நடைகூடத்தில் வக்கீல் பூரிப்போடு வந்தார்.

"எப்படிண்ணே? ஆடிப்போயிட்டாருல்ல?"

"ஆமா சார். அந்தத் தாளைத்தான் வாசிக்காம வச்சுக்கிட்டாரு."

வக்கீலின் சிரிப்பு நின்றது. அவர் கை மெல்லப் பின்னால் போய், இல்லாத அங்கியின் நுனியைத் தேடியது. குமாஸ்தாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்குள் கைப்பேசி அடித்தது. மனைவி.

"சார் பேசிட்டாரா?"

"நல்லாப் பேசினாரும்மா. நீ பாத்திரத்தைக் கட்ட ஆரம்பி."