அண்ணனின் தலைப்பட்டை

எங்கள் குடும்பத்தில் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புத்தியோடு இருந்தவர்கள் குறைவு. எங்கள் மலையூரான யாருமாலில் இந்த மறதி நோயை ‘போபெரா’ என்போம், அசட்டுத்தனம் என்று. அம்மா ஐம்பத்திரண்டில் தன் பெயரே தெரியாமல் போனாள். இப்போது அண்ணன் அர்னுல்ஃபோ. எனக்கு நாற்பத்தொன்று.

ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். யாருக்கு வரும் என்பது அவர்கள் கோப்பில் இருக்கிறது. அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாங்கள் கேட்க மாட்டோம். இருபது வருஷமாகப் பெரிய தைரியசாலிகள் போல இப்படித்தான் நடமாடுகிறோம்.

போன வாரம் அவர்களுடைய நர்ஸ் யெசேனியா, அண்ணனின் தூக்கத்தை அளக்க ஒரு தலைப்பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் முதல் நாளே அதைக் கழற்றிக் கோழிக்கூண்டில் வீசிவிட்டான். மெதெயின் நகரத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கி வரும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. துடைத்து நானே மாட்டிக்கொண்டேன். ஐந்து ராத்திரியும் அண்ணன் மாத்திரை போட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினான். நானும் நன்றாகத்தான் தூங்கினேன்.

இன்று காலை அவள் வந்தாள். சூடாக வெல்லத் தண்ணீர் கொடுத்தேன். மடிக்கணினியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“பாவம்க்கா உங்க அண்ணன். ஆழ்ந்த தூக்கமே கெடையாது. பாருங்க, கோடு செத்துக் கெடக்கு.”

“குறட்டை விட்டுத் தூங்கினானேம்மா.”

“அதெல்லாம் மேலோட்டமான தூக்கம். இந்த நோய்ல மூளையில ஒரு புரதம் படியும். அது படியப் படிய, தூங்க வைக்கிற இணைப்பெல்லாம் கெட்டுப்போகும். ஆழ்ந்து தூங்கினாத்தான் அந்த அழுக்கு கழுவிப் போகும். தூக்கம் கெட்டா இன்னும் படியும்.”

“இது எப்ப ஆரம்பிக்கும்?”

“மறதி வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே வரலாம். ஆளுக்குத் தெரியவே தெரியாது, நல்லாத் தூங்கினேன்னுதான் சொல்வாங்க.”

என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. மாட்டியது நான்தான் என்று சொல்லிவிடலாமா? சொன்னால், எனக்கும் வருமா என்று கேட்டதாகிவிடும்.

“அடுத்த மாசம் நீங்க போட்டுக்கிறீங்களாக்கா? அண்ணனோட ஒப்பிட்டுப் பாக்க, வீட்டுல நல்லா இருக்கிற ஒருத்தர் வேணும்.”

“சரிம்மா” என்றேன்.

முற்றத்தில் அண்ணன் தீனியே இல்லாத வெறுங்கையால் கோழிகளுக்குத் தூவிக்கொண்டிருந்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள அவன்தான் இருக்கிறான்.