லெஃப்ட்டு தங்கியிருந்த வீடு

1

இந்தக் கதையை ஒரு பயிற்சியாளரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிய கால்பந்து கிளப் ஒன்று சின்னப் பையன்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, பதினாறு வயதில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். அனுப்புகிறவர் மனசு என்ன பாடுபடும்? நல்ல கரு கிடைத்துவிட்ட மிதப்பில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனேன். கம்பி வேலியோரம் நின்ற ஒரு பெண், பந்து எங்கே போனாலும் ஒரே பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பையனா?" என்றேன்.

"இல்லைங்க." கொஞ்சம் பொறுத்து, "எங்க வீட்ல இருக்கான்," என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் என் கதையை விட்டு நழுவிவிட்டார்.

2

முதல் தொடக்கம்: 'மாடியறையில் ஈரக் காலுறைகளின் வாடை...' வேண்டாம். வாடையில் ஆரம்பித்தால் நான் எதையோ சுற்றி வளைக்கிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: 'பிள்ளையில்லாத அந்தத் தம்பதி...' இதையும் அடித்துவிட்டேன். (விஷயம் உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே சொன்னால் நீங்கள் 'உச்'சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். வெளியூர்ப் பையன்களை கிளப், மைதானத்துக்குப் பக்கத்துக் குடும்பங்களில் தங்கவைக்கும். ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கும். என்ன சமைக்கணும், எப்போது விளக்கை அணைக்கணும் என்றெல்லாம் சொல்லும். அப்படித்தான் அவன் பன்னிரண்டு வயதில் அந்த வேலியோரப் பெண்ணின் வீட்டுக்கு வந்தான். இடது காலால் மட்டுமே உதைப்பான். அதனால் எல்லோருக்கும் 'லெஃப்ட்டு'. அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் ரொம்ப நாள் எதிரே வந்து நின்றுதான் பேசுவான். ஒருநாள் கணுக்கால் பிசகி, அவள் ஐஸ் வைத்து அழுத்தியபோது, "வலிக்குது அத்தே!" என்று கத்திவிட்டான். அன்றிலிருந்து அவள் அத்தை. பஸ் ஓட்டுகிற அவள் கணவர், யாரும் கேட்காமலே மாமா ஆனார்.

"இவன் திங்கிற முட்டைக்கு நாம கோழிப்பண்ணையே வச்சிருக்கலாம்," என்பார் மாமா. சொல்லிக்கொண்டே தன் தட்டு முட்டையையும் அவன் பக்கம் தள்ளுவார்.

3

இங்கே ஒரு சந்தேகம். அத்தையை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேனோ?

சரி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா போன் செய்வாள். அவன் சிரித்துப் பேசுகிற நேரம் பார்த்து அத்தைக்கு மிக்ஸி ஓட்ட வேண்டியிருக்கும்.

கிளப்பில் அவ்வப்போது உயரம் அளப்பார்கள். மற்றவர்கள் மளமளவென்று வளர்ந்தார்கள். இவன் அப்படியே இருந்தான். அவன் பேன்ட் குட்டையாகாதா என்று அத்தை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் பார்த்தாள். ஆகவில்லை.

முடிவு சொல்லும் மாதம் நெருங்கியது. வைத்துக்கொண்டால் அவன் பெரியவர்கள் விடுதிக்குப் போவான். அனுப்பிவிட்டால் அம்மாவிடம் போவான். எப்படிப் பார்த்தாலும் அவன் மாடியறை காலி. எதற்காக வேண்டிக்கொள்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

4

முடிவு சொல்லும் நாளன்று அவன் அம்மா வந்திருந்தாள். பயிற்சியாளர் கதவைத் திறந்து, அத்தையின் முகத்தைப் பார்க்காமல், "பெத்தவங்க மட்டும் உள்ள வாங்க," என்றார். (முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். ஆனால் கதவைச் சாத்தும் முன் அவர் அத்தைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.)

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. நான் அத்தையோடு நடைவழி நாற்காலியில் இருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "ஆட்டம் நல்லாத்தான் இருக்காம். உடம்புதான் பத்தலையாம்."

லெஃப்ட்டு பையை எடுக்கப் போனான். இரண்டு பெண்களும் தனியாக நின்றார்கள். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நாலு வருஷமாச்சு. இவன் எப்படித் தூங்குவான்னுகூட எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "குப்புறப் படுப்பான். போர்வையை உதைச்சுத் தள்ளிடுவான், எந்திரிச்சுப் போத்திவிடணும். தோத்துட்டு வந்தா எதுவும் கேக்காதீங்க, சாப்பாட்டைப் போட்டுட்டுப் பேசாம பக்கத்துல உக்காருங்க. அவனா சொல்லுவான்."

"சரிங்க."

"கோவத்துல சாப்பாடு வேணாம்பான். நம்பாதீங்க."

அப்போது அத்தை... (இந்த வரியை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

பஸ் ஏறும்போது அவன், "வர்றேன் அத்தே," என்றான். "போறேன்னு சொல்லலை பாத்தியா," என்றார் மாமா, வீடு திரும்பும் வழியெல்லாம்.

5

வேறொரு கிளப் அவனைக் கூப்பிட்டுக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவன் இப்போது ஊரில் படிக்கிறான், சாயங்காலம் விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது அத்தைக்கு வருகிறது. சில வாரம் மறந்துவிடுகிறான்.

புதிய சீசன் தொடங்கும் முன் கிளப்பிலிருந்து அழைத்தார்கள். "புதுசா ஒரு பையன் வர்றான், ரொம்ப சின்னவன். உங்க வீட்ல தங்க வைக்கலாமா?"

மாமா செய்தித்தாளை மடித்துவிட்டு அவளையே பார்த்தார்.

ஒரு பிரதியில் "அனுப்புங்க" என்று எழுதினேன். இன்னொன்றில் "இல்லீங்க, இனிமே முடியாது." இரண்டையும் சத்தமாகப் படித்தேன். இரண்டிலும் அவள் குரல்தான் கேட்டது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் அத்தை.

எனக்குத் தெரிந்தது அதுவரைதான். அடுத்த வார்த்தை உங்களுடையது. சீக்கிரம் சொல்லுங்கள், அந்தப் பக்கம் காத்திருக்கிறார்கள்.