7743-க்குப் போன ஓடிபி

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த லேப்டாப்பைத் தூக்கி வீசிவிடலாம் என்று நான்கு முறை கை போனது. பாண்டிச்செல்விதான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அது என்ன செய்யும் பாவம்? கேக்கதக் குடுத்தாத்தான நம்பர் தருவான்," என்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னிடம் தைக்க வந்தவள். கம்ப்யூட்டரும் தெரியும், பொறுமையும் உண்டு. எனக்கு இரண்டும் கிடையாது.

நம்பர் என்றால் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற எண். அது இல்லாமல் கஸ்டம்ஸைத் தாண்டி ஒற்றைக் கையுறைகூடப் போகாது. மண்ணூரில் எங்களுடையது எட்டு மிஷின் போட்ட சின்ன யூனிட். போன் கம்பெனியில் லைனில் நிற்பவர்கள் போட்டுக்கொள்ளும் கையுறை தைக்கிறோம். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் போன மாதத்தோடு நிறுத்திவிட்டான். முன்பு என்னோடு ஒரே லைனில் நின்ற சுகப்பிரியா, இப்போது வியட்நாமில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் வாங்கும் வேலையில் இருக்கிறாள். மேலதிகாரிகளிடம் சண்டை போட்டு, கையுறை ஆர்டருக்கு எங்கள் பெயரைச் சேர்த்தவள் அவள்தான். ஆனால் அந்த எண்ணை இன்றைக்கு அவர்கள் ஊர் மணி ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். நமக்கு அது மூன்றரை. தவறினால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், நான் எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டே இருந்த அந்த வெப்சைட், பன்னிரண்டு மணிக்குத்தான் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. ஆதார் ஓடிபி போட்டுக் கையெழுத்திட்டு, கட்டணம் கட்டினால் எண் உடனே வந்துவிடும். பாண்டிச்செல்வி பட்டனை அழுத்தினாள். நான் என் போனையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்கு முறை அழுத்தியும் வரவில்லை.

"யக்கா, ஏழு ஏழு நாலு மூணுன்னு முடியுத நம்பருக்குல்லா போயிருக்கு. அது யாரு?"

 அது என் கூடப்பிறந்த நாகப்பன் அண்ணனின் நம்பர்.

ஆதார் எடுத்த காலத்தில் எங்கள் வீட்டில் அவரிடம் மட்டும்தான் போன் இருந்தது. அம்மாவுக்கு, சித்திக்கு, எனக்கு என்று எல்லாருக்கும் தன் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான். யூனிட் தொடங்கியபோது வந்த ஓடிபியை எல்லாம் அவர்தான் படித்துச் சொன்னார். நம்பரை மாற்ற வேண்டும் என்று அவ்வப்போது நினைப்பேன், அதோடு சரி. இப்போது போய் மாற்றக் கொடுத்தாலும் நாள்கணக்கில் ஆகும்.

அண்ணனோடு பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. காரணம் நான்தான். என் மகள் கனிஷ்காவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும், தாய்மாமனைக் காணோம். நல்ல நேரம் முடியப்போகிறது, நாத்தனார் ஒரு பக்கம் வாயைக் கோணுகிறாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம், சித்தி மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். ஐந்தே நிமிடம். கம்பெனி யூனிபார்மோடு, கையில் சீர்த்தட்டோடு அண்ணன் வந்து நின்றார். அடுத்த ஷிப்ட் ஆள் வராததால் அவரை விடவில்லையாம். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அண்ணி கோவிந்தம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரு, ஜோதியா? இப்பதான் எங்க நெனப்பு வந்துச்சா?"

"அண்ணி, அண்ணன் போன் வூட்லயா கீது?"

"அவரு காலைல ஏ ஷிப்ட் போயிக்கீறாரு. போன கேட்லயே வாங்கிப் பொட்டில வச்சிப்பாங்க. ரெண்டு மணிக்குத்தான் வுடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னா, எதனா காரியம் ஆவணுமா?" என்றாள்.

நன்றாகத்தான் கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, அண்ணன் கம்பெனி இருக்கும் வல்லம் வடகாலுக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினேன். கம்பெனி வாசலைப் பிடித்தபோது இரண்டடிக்கப் பத்து நிமிடம்.

ஷிப்ட் விட்டு, கூட்டமெல்லாம் கலைந்து, இரண்டரைக்கு அண்ணன் வந்தார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனை நோண்டிக்கொண்டே வண்டிகள் நிற்கும் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"நாலு ஓடிபி வந்துகீது. நீதானா?" என்றார், திரும்பாமலே.

"நான்தாண்ணா. இன்னொன்னு வரும், கொஞ்சம் படிச்சி சொல்லு." என் போனில் காத்திருந்த பாண்டிச்செல்வியிடம் பட்டனை மறுபடி அழுத்தச் சொன்னேன்.

அவர் போன் ஒலித்தது. பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்றேன். அன்னிக்கு அஞ்சு நிமிசம் உன்னால பொறுக்க முடியலியா?"

"லேட்டாவும்னு ஒரு போன் பண்ணிக்கலாம் இல்ல நீ?"

"போன் பொட்டில கீது, இன்னாத்துல பண்றது? நீ லைன்ல நின்னவதானே, உனக்குத் தெரியாது?"

தெரியும். ஒன்பது வருடம் நானும் அந்தப் பெட்டியில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனவள்தான். தெரிந்தும் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவரும் விடவில்லை. மூன்று வருடத்துச் சண்டையை நடுரோட்டில் போட்டோம். "யக்கா, நேரம் போகுது, யக்கா!" என்று போனுக்குள் பாண்டிச்செல்வி கதறினாள். அப்புறம், "போச்சு, காலாவதி ஆயிட்டு," என்றாள்.

கத்துவதை நிறுத்தினேன்.

"என் தப்புதாண்ணா. எல்லாரும் பாக்கறாங்க, நீ வராமலே பூடுவியோன்னு பயந்துட்டேன். அசிங்கமாப் பூடும்னு அப்படிப் பண்ட்டேன்."

"நான் வராம பூடுவேனா?" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ம். திரும்ப அனுப்பச் சொல்லு."

வெப்சைட் சுற்றியது. இரண்டு ஐம்பது. மூன்று. மூன்று பத்து. நான் நகத்தைக் கடித்தேன், அவர் போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். வந்தது. ஒவ்வோர் எண்ணாக இரண்டு தடவை சொன்னார். கட்டணம் கட்டி முடித்ததும் பாண்டிச்செல்வி போட்ட கூச்சலில் என் காது அடைத்தது. "நம்பர் வந்துட்டுக்கா! சுகப்பிரியா அக்காவுக்கு அனுப்பிட்டேன்!" மணி மூன்று இருபத்திரண்டு.

"நாளைக்கே என் நம்பருக்கு மாத்திக்கறேண்ணா. உன்ன இனிமே தொல்ல பண்ண மாட்டேன்," என்றேன்.

"மாத்திக்க," என்றார். "நான் வேற நம்பர் வாங்கி ரெண்டு வருசம் ஆவுது. அம்மா, சித்தி எல்லாம் மாத்திக்கினாங்க. இந்த சிம்ல உன் ஆதார் ஒண்ணுதான் கீது. எதனா ஓடிபி வரும், கேக்கறதுக்காச்சும் போன் பண்ணுவன்னு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கினே இருந்தேன். மூணு வருசமா ஒண்ணும் வர்ல."

கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.