ஓடையில் எடுத்த கரண்ட்

ஓடையில் போட்டிருந்த குழாயின் வாயில் கட்டியிருந்த வலையிலிருந்து தம்பி இலைகளை அள்ளி வெளியே போட்டான். முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்குச் சுடுகாட்டுக்கு வண்டி வந்துவிடும். தான் செய்த மிஷின் ஓடியது என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாமலே போய்விட்டாளா? வண்டி வருவதற்குள் அது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கரண்ட் எடுக்கிறேன் என்று எட்டு மாதமாகப் பாடாய்ப் பட்டாள். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிக் குழிக்கரண்டிகளாக முடுக்கினாள். வீட்டில் பரிமாற ஒன்றுகூட மிச்சமில்லை. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் கரண்டிகளில் அடித்தால் சக்கரம் சுற்றும். தையல் மிஷின் பெல்ட் அதைப் பழைய மோட்டார் ஒன்றோடு இணைத்தது; மோட்டார் சுற்றினால் கரண்ட் வரும். இன்று விடியற்காலையில் வால்வைத் திறக்கப் போனவள், ஆறரைக்குச் சக்கரத்தின் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அவள் புருஷன் மெல்ல இறங்கி வந்தார்.

"மாப்ள, அத விடு. உள்ள வா."

"காலையில லைட்டு எரிஞ்சுதா மாமா?"

மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எரிஞ்சுது. ஆறு மணிக்கு டீ போடப் போனேன். அதே சமையலறை லைட்டு, அதே சுவிட்ச். அவ வயர மாத்தி இந்தச் சக்கரத்தோட இணைச்சு, சுவிட்சப் போட்டு வச்சது எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி பூரா எரிஞ்சிருக்கேன்னு அணைச்சுட்டேன்."

தம்பி நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"இங்கேருந்து சமையலறை ஜன்னல் தெரியாது. ரெண்டு எட்டு வச்சு எட்டிப் பாத்திருந்தாலும் இருட்டாத்தான இருந்திருக்கும். தோத்துட்டோம்னு நெனச்சே போயிட்டா மாப்ள."

"நீங்க வந்து பாத்தப்ப சக்கரம் சுத்திச்சா?"

"சுத்துறதா? பேய் மாதிரி கத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடி வந்து வால்வ மூடினார்."

தம்பி பஸ் டிரைவர். கத்தியது என்றதும் அவனுக்கு என்னவோ உறுத்தியது.

"சமையலறைக்குப் போங்க மாமா. போன்ல சொல்றேன்."

அவர் போனதும் வால்வைத் திறந்தான். சக்கரம் வேகமெடுத்து வீலென்று கத்தத் தொடங்கியது.

"இப்ப சுவிட்சப் போடுங்க."

தடித்த துணியில் ஏறிய தையல் மிஷின் போலச் சத்தம் கனத்து இறங்கியது.

"எரியுது மாப்ள."

"அணைங்க."

மறுபடி அதே கூச்சல். லைட்டுதான் சக்கரம் இழுக்கும் பாரம்; இழுக்கப் பாரம் இல்லாவிட்டால் பஸ் எஞ்சினும் இப்படித்தான் பறக்கும். தம்பிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"மாமா, எரிஞ்சா ஒரு சத்தம், அணைச்சா வேற சத்தம். மிஷினத் தொடாம காதாலயே கோளாறு சொல்றவ அவ. லைட்டு எரிஞ்சதும் அவளுக்குத் தெரியும், நீங்க எழுந்து வந்து அணைச்சதும் தெரியும். உங்களத் திட்டிக்கிட்டேதான் உக்காந்திருப்பா."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ தம்பியைக் கூப்பிட்டார்கள்.

போனில் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. சக்கரத்தின் சத்தம் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. அதன் பிறகு ஏறவில்லை.