என் விரல்தான்

அமெரிக்காவில் டக் ரிட்ஜ் ஊரின் துப்பாக்கிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கைத்துப்பாக்கியாவது நினையாத நேரத்தில் வெடித்துத் தொலைத்தால், அந்த ஆள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்தில் எழுந்து நின்று "என் விரல்தான்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, எல்லாருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தால் ஒரு மாதம் மட்டும் தள்ளிவைப்பார்கள். அப்புறம் நாலு நாள் கேலி, அவ்வளவுதான். சொல்ல மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறவனுக்குத்தான் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படும்.

அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவனே ராய்ஸ் ஹட்சின்ஸ்தான். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன், பதினைந்து வருஷமாகச் சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. 'விசையில் என் விரல் இருந்தது' என்ற வரியை முன்கூட்டியே அச்சடித்துவிட்டு, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தான். வேறு காரணம் இருக்கலாம் என்று எழுதுவதற்கு அரை வரிகூட இல்லை. மனுஷனுக்கு அவ்வளவு நிச்சயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த நிச்சயம் கார்லண்ட் ப்ரூயிட் மேல் விழுந்தது. கார்லண்ட் மின்கம்பம் ஏறுகிறவன், ராய்ஸோடு இருபது வருஷம் மான் வேட்டைக்குப் போனவன். இடுப்பு உறையில் துப்பாக்கியோடு தன் வண்டியிலிருந்து இறங்கினான். உறைக்குள்ளேயே அது வெடித்து, குண்டு தொடையில் புகுந்து முழங்காலைப் பொடியாக்கிவிட்டது. அவன் கம்பம் ஏறுவது அன்றோடு முடிந்தது.

அது கம்பெனியே திரும்ப வாங்கி மேம்படுத்திக் கொடுத்த துப்பாக்கி. அந்த ஊரில் பாதிப் பேர் இடுப்பில் வைத்திருந்த அதே சின்ன வகை. தோட்டாவை அடிக்கும் சுத்தியல் வெளியே கிடையாது. உள்ளே ஓர் ஊசி சுருள்வில்லின் அழுத்தத்தில் எப்போதும் தயாராக நிற்கும். கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று எங்கோ புகார் வந்ததும், கம்பெனி எல்லாரையும் அனுப்பச் சொல்லி, ஊசியையும் விசையையும் மாற்றி, ஒரு நன்றிக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியது. வந்த பிறகு சங்கத்தில் ஒரே பெருமை. விசை வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். ஆயிரம் ரவுண்டு சுட்டேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை என்றான் இன்னொருவன். கார்லண்டும் அப்படிப் பீற்றிக்கொண்டவன்தான்.

"சாவிக்கொத்து என் வலது கையில இருந்துச்சு ராய்ஸ். விசையைத் தொடவே இல்ல," என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி கார்லண்ட் சொன்னான்.

"தொடாம எப்படிடா வெடிக்கும்? ஒத்துக்கோ. ஒரு மாசத்துல திரும்பி வந்துடலாம்."

கார்லண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ராய்ஸ் சங்கத்தின் சார்பில் 'உரிமையாளரின் விரலே காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கார்லண்டைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அவன் கம்பெனிமேல் வழக்குப் போட்டபோது, கம்பெனி வக்கீல் முதலில் நீட்டியதே அந்தத் தாளைத்தான். இருபது வருஷ நண்பனே எழுதிக் கொடுத்தானே, இதைவிட என்ன வேண்டும்? வழக்கு தோற்றது. மறுவிசாரணை இந்த அக்டோபரில்.

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ராய்ஸும் அவன் மனைவி ரோண்டாவும் போட்டிக்காகக் குறிப்பலகைகளைத் தூக்கி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறு முனையை அவள். இருவரும் ஒன்றாகக் குனிந்தபோது அவன் இடுப்பு உறையில் இருந்த அதே வகைத் துப்பாக்கி டமார் என்றது. குண்டு சரளைக்கல்லில் இறங்கியது. தெறித்த கல் ரோண்டாவின் கெண்டைக்காலைக் கிழித்தது. ராய்ஸின் இரண்டு கைகளும் இன்னும் பலகையில்தான் இருந்தன. அவற்றை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ரோண்டா தரையில் உட்கார்ந்து, வழிகிற ரத்தத்தைத் துடைக்காமல் அவனையே பார்த்தாள். "கார்லண்ட் பொய் சொல்லல," என்றாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களை விலக்கிக்கொண்டு ராய்ஸ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஆறு தையல் போட்ட பிறகு அவளை வீட்டில் விட்டுவிட்டு, நேரே கார்லண்டின் வீட்டுக்குப் போனான். இரண்டு வருஷமாக மிதிக்காத வாசல். கார்லண்ட் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. ராய்ஸ் நின்றபடியே நடந்ததைச் சொன்னான்.

"ரெண்டு கையும் பலகையிலயா?"

"ரெண்டும்."

"அப்ப உன் மூணாவது கையாத்தான் இருக்கும். தேடிப் பாத்தியா?"

"கார்லண்ட், நான் பண்ணது தப்பு."

"தப்புன்னு எங்கிட்ட வந்து சொல்லி என்ன புண்ணியம்? எனக்குத்தான் அது ரெண்டு வருஷமாத் தெரியுமே." கார்லண்ட் கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "நாளைக்குக் கூட்டத்துல சொல்லு. அவங்க முன்னாடி, வாயத் தொறந்து. அதை எழுதி என் வக்கீலுக்கு ஒரு காப்பி அனுப்பு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சொல்றேன்."

"நெஜமா?"

"சொல்றேன்டா."

மறுநாள் சொல்லவேண்டும் என்றுதான் போனான். அதில் சந்தேகமே இல்லை. வண்டியில் போகும்போது ரோண்டாவிடம் இரண்டு தடவை ஒப்பித்துக்கூடக் காட்டினான். ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததுமே எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். "வாய்யா வாத்தியாரே, கடைசில நீயும் மாட்டினியா," என்று ஒருவன் முதுகில் தட்டினான். அவனை யாரும் ஒதுக்கவில்லை. அவர்களில் ஒருவனாக இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்கள். இது ஒன்றும் லேசான விஷயம் இல்லை. அறுபத்தோரு வயதில் அவனுக்கு இந்தக் கூடத்தை விட்டால் வேறு மனிதர்கள் கிடையாது.

தலைவர் டெல்பர்ட் தாளை மேசையில் வைத்தார். "சீக்கிரம் சொல்லிட்டு உக்காரு ராய்ஸ், காபி ஆறுது."

ராய்ஸ் எழுந்தான். "நேத்து பலகை தூக்கினப்ப..."

"பலகை கதையெல்லாம் எதுக்கு?" டெல்பர்ட் குரலைத் தாழ்த்தினார். "வேற மாதிரி எதுவும் சொல்லிடாதப்பா. இங்க இருக்கிறவன் பாதிப் பேர் இடுப்புல அதான் இருக்கு. தானா வெடிக்குதுன்னா இன்சூரன்ஸ்காரன் நாளைக்கே மைதானத்தப் பூட்டிடுவான். அப்புறம் கார்லண்டும் நீயும் ஒரே பக்கம், கதவுக்கு வெளிய."

முப்பது முகங்கள் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். பின்வரிசையில் ரோண்டா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல், "என் விரல்தான்," என்றான்.

சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தொட்டன. தான் தட்டச்சு செய்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ரோண்டாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஏறிச் சாவியைப் போட்டதும் கேட்டாள்.

"பலகையோட அந்தப் பக்கம் நின்னவ யாரு?"

"ரோண்டா, புரிஞ்சுக்கோ..."

"நான் என்ன, கண்ண மூடிக்கிட்டா நின்னேன்? பொண்டாட்டிய அஜாக்கிரதையா சுட்டவன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, அவங்களோட உக்காந்து காபி குடிக்கணும் உனக்கு. நான் கார்லண்டுக்குச் சாட்சி சொல்லப் போறேன்."

"அப்ப நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"ஆயிடுமா? ஆயாச்சு."

அவள் சொன்னபடியே அக்டோபரில் கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீல் பழைய தாளைத் தொடவே இல்லை. புதுத் தாளை எடுத்து, "இது உங்கள் கணவரின் கையெழுத்துதானே அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர அவள் என்ன சொல்ல முடியும்? கார்லண்ட் இரண்டாம் முறையும் தோற்றான். ரோண்டா அன்று நேராகத் தன் தங்கை வீட்டுக்குப் போனவள்தான். ராய்ஸ் இரண்டு தடவை போன் செய்தான். தங்கைதான் எடுத்தாள்.

தள்ளிவைத்த மாதம் அதற்குள் முடிந்திருந்தது. நவம்பரில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வழக்கம்போல ராய்ஸ்தான் வகுப்பு எடுத்தான். ஏழு பேரில் ஐந்து பேரிடம் அதே துப்பாக்கி. ஆளாளுக்குத் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். கச்சிதமாக இருக்கிறது, இடுப்பில் இருப்பதே தெரியவில்லை, மாற்றி அனுப்பிய பிறகு அருமை. கடைசியில் மெக்கென்னா என்ற நர்ஸ் கையைத் தூக்கினாள்.

"சார், டூட்டி முடிஞ்சு போறப்ப இது இடுப்புலதான் இருக்கும். ரெண்டு வயசுப் பொண்ண அதே பக்கம்தான் தூக்கி வெச்சுப்பேன். தானா வெடிக்கும்னு யாரோ சொன்னாங்க. உண்மையா?"

மற்ற ஆறு பேரும் ராய்ஸையே பார்த்தார்கள். கூடத்தின் வாசலில் டெல்பர்ட் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார்.

"துப்பாக்கி தானா வெடிக்காதும்மா," என்றான் ராய்ஸ். "விரல் விசையில இல்லாத வரைக்கும் பயமே வேணாம்."

அவள் நிம்மதியாகச் சிரித்து, உறையைச் சரிசெய்ய இடுப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் சட்டென்று இரண்டடி விலகி நின்றான். விலகியது அவனுக்கே தெரியவில்லை.

அவள் கவனித்துவிட்டாள். உறையில் வைத்த கை அப்படியே நின்றது.

"அப்புறம் ஏன் சார் தள்ளிப் போறீங்க?" என்று கேட்டாள்.