ஆலா முட்டைக்குக் காப்பு

போன வருடம் சித்திரையில், கடற்பறவையான ஆலாவின் முட்டையை மிதித்தது நான்தான். தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் மணலுக்கும் முட்டைக்கும் ஒரே நிறம். காலடியில் நொறுங்கிய பிறகுதான் தெரிந்தது. தாய்ப்பறவை என் தலைக்கு மேலேயே கத்திச் சுற்றியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் அங்கே பதினொரு கூடுகள்தான். இறங்கக் கூடாது என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. வருகிறவர்கள் அந்தப் பலகை நிழலில்தான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அதனால் படகுக்காரர்கள் நாங்கள் முறைபோட்டு, தீவில் இறங்காமல் கடலிலேயே நின்று காவல் காத்தோம். ஞாயிறு எங்கள் முறை. ஆனால் சொன்னால் எவன் கேட்கிறான்?

என் வீட்டுக்காரர் தளவாய், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருடந்தோறும் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டுகிறவர். "அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நில்லுங்களேன்" என்றேன்.

"காப்புக் கட்டாம, விரதம் இல்லாம வேஷம் போட்டா அம்மன் சும்மா விடுவாளா, ஏளா?"

நானே காப்புக் கட்டிவிட்டேன். மீன் இல்லாமல் ஒரு வாய் உள்ளே போகாத மனுஷனுக்கு, முட்டை பொரிக்கும்வரை ரசம்தான்.

ஞாயிறு காலை ஒரு வள்ளம் வந்தது. நாலு இளவட்டங்கள், கையில் பிரியாணி. இவர் இன்ஸ்பெக்டர் உடுப்பில் எழுந்து ஓர் அதட்டுப் போட்டார். நாலு பேரும் வெலவெலத்துப் போனார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கிய இருபது வருடப் பழக்கம், கை தானாகத் தொப்பியைக் கழற்றி நீட்டிவிட்டது.

அபிலாஷ் என்பவன் ஐநூறு ரூபாயைத் தொப்பிக்குள் போட்டான். "தேங்க்ஸ் சார், அரை மணி நேரத்துல வந்துருதோம்" என்று இறங்கக் காலைத் தூக்கினான்.

லஞ்சம் என்று நினைத்துவிட்டான். இவர் திருதிருவென்று முழிக்கிறார். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, விழுந்தது அம்மன் காணிக்கை. எனக்குப் போன வருட நொறுங்கல் காதில் கேட்டது.

"காலை உள்ள வைங்க தம்பி. இவர் தசரா வேஷம் கட்டினவர். அம்மனுக்குக் காணிக்கை போட்டாச்சுன்னா காப்பும் கட்டணும்" என்றேன்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. மீதி இருந்த காப்புக் கயிற்றை நாலு கையிலும் கட்டினேன். அம்மன் கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். அந்தா, அந்த மணல்ல கெடக்குற முட்டை பொரிக்கிறவரை விரதம் என்றேன். நான் மிதித்த கதையையும் சொன்னேன்.

அபிலாஷ் பொட்டலத்தைப் பார்த்தான். "அப்ப பிரியாணி?"

"கவுச்சி ஆகாது."

அவர்களுடைய வள்ளக்காரர் அதற்குள் பொட்டலத்தை வாங்கக் கையை நீட்டியிருந்தார்.

அடுத்த வள்ளம் வந்தபோது இன்ஸ்பெக்டருக்கு வேலையே இல்லை. "முட்டை கெடக்கு, ஒருத்தரும் இறங்கக் கூடாது" என்று நாலு பேரும் மறித்து நின்றார்கள்.

வைகாசியில் அபிலாஷ் போன் செய்தான். "அக்கா, பொரிச்சிட்டா? அண்ணனுக்குக் கல்யாணம், கறி விருந்து."

பதினொரு கூட்டிலும் பொரித்திருந்தது. மணல் நிறக் குஞ்சுகள் ஓடுவதைப் படகிலிருந்தே பார்த்து அழுதிருந்தேன். ஆனால் அவை பறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும்.

"இல்ல தம்பி, கொஞ்சம் பொறுங்க."

"சரிக்கா. ஞாயித்துக்கிழமை காவலுக்கு வாரோம்."

எதிரே என் வீட்டுக்காரர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. பொரித்துவிட்டதை அவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.